பெட்டிக்குப் போட்ட ஈயம்

என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போக வந்த இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு ஹோலில் முழங்காலில் நின்றார். செபம் சொல்வதற்கல்ல. என் புருசன் தரையில் பரப்பி வைத்திருந்த விளையாட்டு ரயிலைப் பார்ப்பதற்கு.

அது தொண்ணூற்றெட்டு ஒக்டோபர், விடிந்தும் விடியாத நேரம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் மறித்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். தம்பி கொன்ஸ்ரன்ஸ் மன்னாரில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் அவனை இழுத்தடித்துக்கொண்டிருந்தான். கொழும்பில் தங்குவதற்குப் பொலிசில் பதிந்த துண்டு கையில் இருந்தது, காட்டினேன். மன்னார் அடையாள அட்டையைக் கண்ட பிறகு துண்டை யார் பார்க்கிறார்கள். சாரத்தோடு நின்றவனைக் களுசான் மாற்ற விட்டார்கள், அது அவர்கள் செய்த தயவு. இரண்டு பேர் அவனை வாசலால் இறக்க, நான் பின்னால் ஓடினேன். உதவிக்குப் புருசனைக் கூப்பிடத் திரும்பினால், இன்ஸ்பெக்டர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிறார்.

"இது ஓடுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

என் புருசன் செபஸ்தியன் துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் கிளார்க். யார் எது கேட்டாலும் எடுத்துக் கொடுத்துப் பழகிய மனிதர். சுவிட்சைப் போட்டார். எஞ்சினும் ஐந்து பிரயாணிகள் பெட்டியும் மேசைக்காலைச் சுற்றி, அலுமாரிக்கு முன்னால் வளைந்து, அலுங்காமல் குலுங்காமல் வந்தன. வெளியே ஜீப்பின் கதவை அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது. தம்பி ஜீப்பில் ஏறிய நேரத்தில் எங்கள் வீட்டில் ரயில் ஓடியது என்பதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பலில் வேலை செய்த என் புருசனின் அண்ணன் ஹம்பேர்க்கில் இருந்து கொண்டுவந்தது. கொட்டாஞ்சேனையில் நத்தார், கிறிஸ்மஸ், என்றால் எந்த வீட்டுப் பாலன்குடில் வடிவு என்று ஒழுங்கை முழுக்க ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். எங்கள் குடிலில் மூன்று ராசாக்களும் ஒட்டகமும் நிற்க, அவர்களைச் சுற்றி ஜெர்மன் ரயில் ஓடும். பெத்லகேமில் ரயில் எங்கே இருந்தது என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். சாமான் பெட்டி எப்படியும் ஓடிவிடுமாம். பிரயாணிகள் பெட்டிதான் நீளம், பாரமில்லை, வளைவில் சரிந்து விழும். அதை விழாமல் ஓட வைப்பதில்தான் இந்த மனிதருடைய கெட்டித்தனமெல்லாம் போனது. ஒக்டோபர் பிறந்தால் ஹோலில் யாரும் நடக்க முடியாது.

இன்ஸ்பெக்டருக்குப் பெயர் லிவேரா. வென்னப்புவப் பக்கத்துக் கத்தோலிக்கர். கழுத்தில் அந்தோனியார் சுரூபம் தொங்கியது. இத்தாலியில் வீடு துடைக்கும் தங்கச்சி ஒரு ரயில் அனுப்பியிருக்கிறாவாம், இவரும் நத்தாருக்குக் குடிலைச் சுற்றி ஓட விடுவாராம், ஒவ்வொரு வளைவிலும் பெட்டி விழுகிறதாம். போன வருசம் மனைவியின் சொந்தக்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம். இதையெல்லாம் என் தம்பியை வெளியே வைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்களுடையது ஏன் விழவில்லை, அய்யே?" என்றார். என் புருசனை அய்யே, அண்ணன், என்று கூப்பிட்டார். என் தம்பியைப் 'பொடியன்' என்றார்.

இவர் விளக்கப்படுத்தத் தொடங்கிவிட்டார். நான் தோளில் பிடித்து உலுக்கிய பிறகுதான் மச்சானின் நினைவு வந்தது. "சேர், அந்தப் பிள்ளை ஒன்றும் அறியாதவன்" என்றார்.

"விசாரித்துவிட்டு விடுவோம். சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு, என் வீட்டுக்கு வாங்க. ரயிலைப் பாருங்க, பொடியனைப் பற்றியும் கதைப்போம்."

அவர்கள் போன பிறகு ஒழுங்கையில் அழுகுரல் கேட்காத வீடு இரண்டோ மூன்றோதான். எங்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது என்று நான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை இவர் சின்னத் திருப்புளி, குறடு, தையல் மெசின் எண்ணெய் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். பின்னேரம் வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டனான். பாப்பம் எண்டார்."

"பாப்பம் எண்டா என்ன?"

"பாப்பம் எண்டாப் பாப்பம்தான், இமெல்டா. சக்கரம் ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரம் ஒவ்வொரு அச்சில ஒவ்வொரு மாதிரி. பிறகு எப்பிடி விழாம ஓடும்? ஒரு தகரத்தை அளவா வெட்டி, எல்லாத்தையும் ஒண்டாக்கினாத்தான் சரிவரும்."

முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த முகத்தில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நான் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் ஸ்டேசன் கேட்டுக்குப் போவேன். உள்ளே விட மாட்டார்கள். கேட்டில் நிற்கிற பொலிஸ்காரன் பெயரைக் கேட்டு, பார்சலை வாங்கி வைப்பான். வாங்கி வைக்கிறான் என்றால் தம்பி உள்ளேதான் இருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அவனுக்குப் பிடிக்கும் என்று மீன் பொரியலைச் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைப்பேன்.

அடுத்த சனிக்கிழமை போய் வந்தவர் பாரம் வேண்டும் என்றார்.

"பெட்டியெல்லாம் பிளாஸ்டிக். வளைவில எஞ்சின் இழுக்கேக்க நடுப்பெட்டி உள்பக்கமாச் சரிஞ்சு போகுது. அடித்தட்டில, சக்கரத்துக்கு நேர மேல, ஈயம் ஒட்டோணும். மேல வைச்சா ஆடும்."

"வாங்கி ஒட்டுங்கோவன்."

"எங்க வாங்குறது? புறக்கோட்டையில போய் ஈயம் தாங்கோ எண்டு கேட்டா, என்னையும் கொண்டுபோய்க் கொன்ஸ்ரன்ஸுக்குப் பக்கத்தில இருத்துவாங்கள்."

அது உண்மை. அந்த நாட்களில் வயர் வாங்கப் போனாலே குண்டு செய்யவோ என்று கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்ப்பான். பற்றரி வாங்கினால் எதற்கு என்று கேட்பான்.

பின்பக்கத்தில் கொன்ஸ்ரன்ஸின் வீச்சுவலை தொங்கியது. எங்கள் அப்பாவின் வலை அது. இடம்பெயர்ந்து வரும்போது உடுப்பை விட்டுவிட்டு இதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்த விசரன் அவன். கனடாவில் எங்கே வீசப் போகிறாய் என்று நான் பகிடி பண்ணுவேன். ஏஜென்ட் இழுத்தடித்த மாதங்களில் காலமை எழும்பி முகத்துவாரத்தில் வீசி, மணலை மீன் கொண்டுவருவான். கொழும்பில் சும்மா இருந்து தின்கிறேன் என்ற வெட்கம் அவனுக்கு அந்த வலையால்தான் தீர்ந்தது. வலையின் விளிம்பு முழுக்க ஈய மணிகள் கோர்த்திருந்தன. அப்பா ஈயத்தை உருக்கி வார்த்து, நூலில் வைத்துப் பல்லால் கடித்து மூடியவை. பார்த்தால் பல்லுத் தடம் தெரியும்.

செபஸ்தியன் வலையைப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. நான்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டினேன். பாதி லிவேராவின் ரயிலுக்கு, பாதி தம்பி வரும்போது அவனுக்கு. பாதி ஈயத்தோடு வலை சரியாகத் தாழாது என்று எனக்கும் தெரியும். அவன் வந்து என்னை ஏசட்டும் என்று விட்டேன். அவன் வந்து ஏசுவது எப்படியிருக்கும் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஈயத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக் கொண்டுபோனார். பிறகு ஒரு சனிக்கிழமை என் பழைய பாத்ரூம் செருப்புகளைக் கொண்டுபோனார். லிவேராவின் வீடு கடற்கரை ரயில்பாதைக்குப் பக்கத்தில். பெரிய ரயில் போகும்போது வீடு அதிர்ந்து, சின்னத் தண்டவாளத்தின் பூட்டுகள் விலகுகின்றனவாம். செருப்பு ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டிப் பலகைக்கு அடியில் கொடுத்தார். இன்னொரு கிழமை, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் மடிப்புகள் வளைவில் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று அரம் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் வாசலில் நான் ஒரே கேள்வியைக் கேட்பேன். அவரும் ஒரே பதிலைச் சொல்வார்.

"கேட்டனான். பாப்பம் எண்டார்."

நவம்பர் முடியப்போகிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

"எத்தினை பெட்டி மிச்சம்?"

"ஒண்டுதான். கடைசிப் பெட்டி. ரெண்டு பக்கத்துத் திருகாணியும் இறுகிப்போய் இருக்குது. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தளரவிட்டாச் சரி. அப்பதான் மேடு பள்ளத்துக்கு இசைஞ்சு போகும்."

"தளர விடாதேங்கோ."

"என்ன?"

"அது ஒண்டாவது விழட்டும். எல்லாம் சரியா ஓடினா அந்தாளுக்கு உங்களால என்ன தேவை? தம்பியை விட்டாப் பிறகு போய்த் திருத்திக் குடுங்கோ."

பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடாதே என்று சொன்னது போல என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

"அந்தோனியார்மேல சத்தியம் பண்ணுங்கோ."

"சரி எண்டு சொல்லுறன்தானே."

சத்தியம் பண்ணவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

டிசம்பரில் லிவேரா இரண்டு பேரையும் வரச் சொல்லி அனுப்பினார், நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம். அன்றைக்குத்தான் ரயிலைச் சொந்தக்காரருக்கு ஓட்டிக் காட்டுகிறாராம். இதற்குத்தான் கூப்பிடுகிறார், தம்பியைக் கையில் தரப்போகிறார் என்று எனக்குள் ஒரு சாத்திரக்காரி சொல்லிக்கொண்டே இருந்தாள். தம்பியின் நல்ல சேட் ஒன்றை அயர்ன் பண்ணி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டேசனில் போட்ட உடுப்போடு அவனை பஸ்ஸில் கூட்டிவரக் கூடாது என்று. எங்கள் வீட்டில் அந்த வருசம் குடில் வைக்கவில்லை.

வெள்ளவத்தை வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். லிவேரா சாரத்தோடு, சிரித்த முகத்தோடு வந்து என் புருசனின் தோளில் கை போட்டார். "இவர்தான் எங்கள் என்ஜினியர்" என்று எல்லோருக்கும் சொன்னார். என் பக்கம் திரும்பி, "வாங்க அக்கே" என்றார். குடில் பெரியது. வைக்கோல், பஞ்சு, மினுங்குகிற நட்சத்திரம், அதைச் சுற்றி இரண்டு வளையமாகத் தண்டவாளம். ஒரு மூலையில் கதிரை தந்தார்கள். இருந்தேன்.

ரயில் ஓடியது.

முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி, மூன்றாம் பெட்டி, நான்காம் பெட்டி. வளைவில் கொஞ்சமும் ஆடாமல், எங்கள் அப்பாவின் ஈயத்தைச் சுமந்துகொண்டு போயின. நான் கடைசிப் பெட்டிக்காகக் காத்திருந்தேன். விழு, விழு என்று மனதுக்குள் சொன்னேன். பாலன் யேசுவுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒரு பெட்டி விழ வேண்டும் என்று மன்றாடினேன். அந்த நேரம் பார்த்து வெளியே மாத்தறைப் பக்கம் போகிற ரயில் வந்தது. கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன, என் கதிரை அதிர்ந்தது. கடைசிப் பெட்டி வளைவை எண்ணெய் போல் கடந்து போனது. ஆட்கள் கை தட்டினார்கள்.

நான் புருசனைப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அந்த முகம் அப்படிச் சிரிக்கவில்லை. நான் பார்ப்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

இனி இவரை நம்பிப் பயனில்லை என்று எழும்பிப் போனேன். லிவேரா சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு வருகிற சிங்களத்தில் நானே கேட்டேன்.

"சேர், நத்தாருக்காவது என் தம்பியை விடுவீங்களா?"

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. யோசித்தார், உண்மையாகவே யோசித்துத்தான் நினைவுக்கு எடுத்தார்.

"ஆ, அந்தப் பொடியன். அவன் எங்களிடம் இல்லையே, அக்கே. முதல் கிழமையே மேலிடத்துக் கட்டளை வந்து தெற்குப் பக்கத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பியாச்சு."

"நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு கொண்டுவந்து தருகிறேன். வாங்குகிறார்கள்."

"வாங்குகிறார்களா?" சிரித்தார். "கேட்டில் நிற்கிற பொடியன்களுக்குப் பசிதானே. நான் சொல்லிக் கண்டிக்கிறேன்." பிறகு என் புருசன் நின்ற பக்கம் பார்த்தார். "அய்யே முதல் நாள் கேட்டதோடு சரி, பிறகு கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்காவது அறிந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்."

ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கலாம். அப்படிச் செய்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் செய்யவில்லை. பைக்குள் கையை விட்டு, தம்பியின் சேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லிவேராவின் மனைவி லவ் கேக் கொண்டுவந்து நீட்டினா. எடுத்தேன். தின்றேன். நல்ல கேக்.

"கவலைப்பட வேண்டாம்" என்றார் லிவேரா. "அந்த முகாமில் இருக்கிற பெரியவர் என்னோடு பயிற்சி எடுத்தவர். வருசம் பிறக்கட்டும், ஒரு டெலிபோன் கோல் எடுத்துப் பார்ப்போம்." அதைச் சொல்லிவிட்டுக் குடிலுக்குப் பின்னால் இருந்து புது அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். "நங்கி, இத்தாலித் தங்கச்சி, இன்னும் இரண்டு அனுப்பியிருக்கிறா. ஒன்று சாப்பாட்டுப் பெட்டி, ஒன்று படுக்கைப் பெட்டி. பாருங்க அய்யே, எவ்வளவு நீளம். நேற்று ஓட்டிப் பார்த்தேன், உடனே விழுந்துவிட்டது."

செபஸ்தியன் பெட்டியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்ப்பது போல் இருந்தது.

"சனிக்கிழமை வருவார், சேர்" என்று நான் சொன்னேன்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது. பிறகு தமிழ் கேட்டு யாரும் திரும்பாத அளவுக்கு மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் கேக்கேல்லை?"

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டா இல்லையெண்டு சொல்லிப்போடுவாரெண்டு பயமாயிருந்தது, இமெல்டா. கேக்காத வரைக்கும் இல்லையெண்டு இல்லைத்தானே."

"என்னட்டக் கேட்டனான் எண்டு சொன்னீங்களே. ஒவ்வொரு கிழமையும்."

"நீ வாசல்ல நிண்டு பாக்கிற பார்வைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?"

"கடைசிப் பெட்டி?"

"ஆடிக்கொண்டு போனது" என்றார். "பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு."

அவரைக் கொன்றுவிடலாம் போல ஒரு கோபம் வந்தது. ஆமியின் சென்றிப் பொயின்றில் சோதனைக்குப் பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கினார்கள். இறங்கி, அட்டையைக் காட்டி, திரும்ப ஏறும்போது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கே உரிமை இல்லை என்று தெரிந்தது. அவர் ஒரு பெட்டியைத் திருத்தாமல் விட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திராது. என்னுடைய கெட்டித்தனமும் அவருடைய கைத்திறனும் ஒரே தண்டவாளத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. பொலிஸ்காரன் என் மீன் பொரியலைத் தின்றிருக்கிறான், லிவேராவின் வீட்டில் என் அப்பாவின் ஈயம் ஓடுகிறது. தம்பி எங்கேயோ தெற்கில் இருக்கிறான். அவன் தின்றானா என்று கேட்பதற்கு எந்தக் கேட்டுக்குப் போவது என்றுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது கோவிலில் பூசைக்கு முதல் மணி அடித்தது. ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்து, இந்த முறை ரயில் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சேலைகூட மாற்றவில்லை. பின்பக்கம் போய் வலையை இறக்கி, குசினி வெளிச்சத்தில் மடியில் போட்டுக்கொண்டு, மிச்ச ஈயத்தையும் வெட்டத் தொடங்கினேன். தம்பிக்கென்று ஒன்றுவிட்டு ஒன்றாக விட்ட பாதி. செபஸ்தியன் வந்து நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஈயம் கழன்ற வலை மடியில் பாரமே இல்லாமல் கிடந்தது. மணிகள் சட்டிக்குள் விழுகிற சத்தத்தைப் பொறுத்துப் பார்த்தார், பிறகு முடியவில்லை.

"ரெண்டு பெட்டிக்கு இவ்வளவு தேவையில்லை, இமெல்டா" என்றார்.

"வைச்சிருங்கோ" என்றேன். "இன்னும் பெட்டி வரும்."